கோபுரமும் நிர்ப்பீடனமும்: எமது பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எமது ஊரில், பாடசாலை வளவின் பின்வேலியை ஒட்டிய தென்னங்காணியொன்றில் கைத்தொலைபேசிக் கோபுரம் எழுப்ப அனுமதி கேட்டு வந்திருக்கும் விண்ணப்பம், தங்கள் சபையின் அடுத்த அமர்வில் எடுக்கப்படவுள்ளதாக அறிகிறேன். அதனை எதிர்த்து ஊரவர்கள் ஒப்பமிட்ட மனுவும் தங்கள் கையில் இருக்கிறது. அந்த மனுவில் என் ஒப்பம் இல்லை. விண்ணப்பத்தை ஆதரித்தும் நான் இதை எழுதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையிலும், இந்தப் பேச்சினால் என் குடும்பத்திலேயே ஒருவர் நொந்துபோனதைக் கண்டவன் என்ற முறையிலும், தாங்கள் முடிவெடுக்குமுன் சில விடயங்களைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். வாசலில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட துண்டுப் பிரசுரத்தில், கோபுரத்தின் கதிர்ப்பு பிள்ளைகளின் நிர்ப்பீடனத் தொகுதியை, அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் உடலின் ஏற்பாட்டை, மெல்ல மெல்ல அழித்துவிடும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு தாய் எழுந்து, சந்தியில் இப்போது இருக்கும் பழைய கோபுரத்தைச் சுட்டி, மாரி தொடங்கியதிலிருந்து தன் மகனுக்கு மூன்று தரம் காய்ச்சல் வந்துவிட்டது, அவனுடைய உடம்பில் எதிர்ப்பு இல்லாமல் போனதற்கு இதுதான் காரணமா என்று கேட்டார். மேடையில் இருந்தவர்களில் ஒருவர், இது விஞ்ஞானம் தெரியாதவர்களின் பயம் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தத் தாய் கையில் பிரசுரத்தை மடித்தபடி உட்கார்ந்தார். அவருடைய கேள்வி அறிவீனமான கேள்வி அல்ல. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களில் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி அது. பிரசுரத்தில் இருந்த பதில் பிழையானது. மேடையில் கொடுக்கப்பட்டது பதிலே அல்ல.

என் மூத்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு முடக்குவாதம். அதாவது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தன் உடலின் மூட்டுக்களையே அந்நியப் பொருளென்று கருதித் தாக்கும் நோய். மாதம் தவறாமல் கிளினிக் போய், கிழமைக்கு ஒருநாள் எடுக்கும் மாத்திரையினால் ஓரளவு நன்றாக இருந்தார். அவருடைய வீடு பழைய கோபுரத்திலிருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் இருக்கிறது. நோய் வந்ததற்குக் காரணம் அந்தக் கோபுரந்தான் என்றும், அந்த இடத்தைவிட்டு விலகினால் மாத்திரை இல்லாமலே குணமாகும் என்றும் யாரோ சொல்ல, அவர் ஜன்னல்களுக்கெல்லாம் சமையலறை அலுமினியத் தாள் ஒட்டினார். பிறகு அதுவும் போதாதென்று வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும் மகளின் வீட்டுக்குப் போய்விட்டார். கிளினிக் கொப்பி இங்கே அலுமாரியில் கிடந்தது. நாலு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, திருவலையில் குந்தியிருந்து தேங்காய்ப் பாதியைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார். விரல் மூட்டுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. “தம்பி, ரவர் வந்ததுக்குப் பிறகுதானே இந்த நோவும் வந்தது” என்றார். காலவரிசையில் அவர் சொன்னது சரி. ஆனால் எமது பக்கத்தில் கோபுரங்கள் எழும்பிய அதே ஆண்டுகளில்தான் யுத்தம் ஓய்ந்து, வீதி திறந்து, வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதித்து நோயின் பெயரை அறியும் வசதியும் எமக்கு வந்தது. அந்த நோய் பெண்களைப் பெரும்பாலும் பிடிக்கும் வயதும் அவருக்கு அப்போதுதான் வந்தது.

இனி விடயத்துக்கு வருகிறேன். கோபுரமும் கைத்தொலைபேசியும் வெளியிடுபவை வானொலி அலைகள். எக்ஸ் கதிர் ஒரு மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பிடுங்கிப் பரம்பரை அலகைச் சிதைக்கக்கூடியது; அதற்கு அயனாக்கம் என்று பெயர். அயனாக்கத்துக்குத் தேவைப்படும் சக்தியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட வானொலி அலையின் சக்திச் சொட்டு ஒன்றில் இல்லை. அலைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இலத்திரன் கழன்றுவிடாது; உடல் சூடாகும். ஆகவே சூடுதான் ஐயமின்றி நிறுவப்பட்ட விளைவு. உடல் தன் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 4 வாற்று வீதம் இந்த வலுவை உறிஞ்சும்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை உயர்கிறது. அந்த 4 வாற்றை வைத்தே, அயனாக்காத கதிர்ப்புப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998ஆம் ஆண்டில் எல்லைகளை வகுத்து, 2020இல் அவற்றைத் திருத்தியது: அதில் பத்தில் ஒன்று தொழில் செய்வோருக்கு, ஐம்பதில் ஒன்று, அதாவது 0.08 வாற்று, பொதுமக்களுக்கு. உடல் சூடேறும் மட்டத்தில் நிர்ப்பீடனம் மாறும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. காய்ச்சலே நிர்ப்பீடனத்தின் ஆயுதங்களில் ஒன்று. வெப்பநிலை உயரும்போது வெண்குருதிக் கலங்களின் நடமாட்டம் மாறுவது பாடப்புத்தகத்திலேயே உள்ள செய்தி. வழக்கெல்லாம் அதற்குக் கீழே, உடல் சூட்டை உணராத மட்டத்தில், என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அந்த வழக்கின் வரலாற்றைப் பிரசுரம் எழுதியவர்களும் சொல்லவில்லை, அவர்களை மறுத்தவர்களும் சொல்லவில்லை. 1970களிலும் அதன் பின்னரும் அன்றைய சோவியத் ஒன்றியத்தில் நடந்த ஆய்வுகளில், வானொலி அலைகளில் ஒரு வகையான நுண்ணலைகளுக்கு, குறைந்த செறிவில், நீண்ட நாள் உட்படுத்தப்பட்ட எலிகளின் குருதியில், அவற்றின் சொந்த மூளை இழையத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (அந்நியப் பொருளைத் தாக்க நிர்ப்பீடனத் தொகுதி உண்டாக்கும் புரதங்கள்) தோன்றியதாக அறிவித்தார்கள். அதாவது, என் அக்காவின் உடலில் நடப்பதைப் போன்ற ஒன்று, அலையினால் எலியில் நடந்தது என்பது அவர்களின் முடிவு. சோவியத் எல்லை மேற்கு நாடுகளின் எல்லையைவிட மிக இறுக்கமாக அமைந்ததற்கு இத்தகைய நிர்ப்பீடன ஆய்வுகள் ஒரு முக்கிய காரணம். இன்றும் ரஷ்யாவில் பொதுமக்களுக்கான எல்லை சதுர மீற்றருக்கு 0.1 வாற்று, சர்வதேச ஆணைக்குழுவின் எல்லை, 2 கிகாஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்களில் (மீடிறன் என்பது அலை ஒரு செக்கனில் அதிரும் தடவை), 10 வாற்று. இவை உடல் உறிஞ்சும் அளவல்ல, உடலில் வந்து விழும் அலையின் செறிவு. நூறு மடங்கு வேறுபாடு.

இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக அதே பரிசோதனையை மொஸ்கோவிலும் பிரான்சின் போர்டோவிலும் தனித்தனியே மீண்டும் செய்தார்கள். எலிகள் நாளுக்கு 7 மணித்தியாலம், கிழமைக்கு 5 நாள், மொத்தம் 30 நாள், சதுர மீற்றருக்கு 5 வாற்று செறிவுள்ள அலையில் வைக்கப்பட்டன. முடிவுகள் 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியாயின. மொஸ்கோ ஆய்வாளர்கள் பழைய முடிவின் ஒரு பகுதியைத் தாங்களும் கண்டதாக எழுதினார்கள். போர்டோ ஆய்வாளர்கள் பிறபொருளெதிரிகளிலோ, கர்ப்பிணி எலிகளிலோ, அவற்றின் குட்டிகளிலோ எந்த மாற்றத்தையும் காணவில்லை. ஒரு விளைவு உண்மையானதாயின் யார் செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும் அது திரும்ப வர வேண்டும். இது அவ்வாறு திரும்ப வரவில்லை. ஆகையால், கோபுரத்தின் அலை நிர்ப்பீடனத்தை அழிக்கிறது என்று நிறுவப்பட்டதாக எவரும் சொல்ல முடியாது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஒல்லே ஜொஹான்சன் 2009இல் எழுதிய கட்டுரை பிரசுரத்தில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. மின்காந்தப் புலங்கள் நிர்ப்பீடனத்தைக் குழப்பக்கூடும் என்று வாதிட்டு, பிறரின் அவதானங்களையும் தம்முடையவற்றையும் அதில் அவர் தொகுத்திருக்கிறார். எச்சரிக்கையாக அதை வாசிக்கலாம். தீர்ப்பாக வாசிக்க முடியாது.

புற்றுநோயைப் பற்றியும் கூட்டத்தில் பேசினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இந்த அலைகளை ‘புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியமுள்ளவை’ என்ற வகையில் சேர்த்தது உண்மை. சான்று மட்டுப்பட்டது என்பதே அந்த வகையின் பொருள். உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024இல் வெளியான மீளாய்வு, கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பைக் காணவில்லை. இதற்கு மேல் அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. ஊரைப் பிடித்திருக்கும் பயம் நிர்ப்பீடனத்தைப் பற்றியது.

இப்போது எமது ஊருக்குரிய கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கரும்பலகையில் செய்யக்கூடியது. அன்ரனா ஒன்று தான் நோக்கும் திசையில் 1000 வாற்றுக்குச் சமமான வலுவுடன் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றர் தூரத்தில் அந்த வலு ஒரு பெரும் கோளத்தின் மேற்பரப்பெங்கும் பரந்துவிடுகிறது. வகுத்துப் பார்த்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.008 வாற்று. 900 மெகாஹேட்ஸ் மீடிறனில் சர்வதேச எல்லை 4.5 வாற்று. ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. போர்டோ எலிகள் பெற்ற 5 வாற்றோடு ஒப்பிட்டால் அறுநூறில் ஒரு பங்கு. கோபுர அயலில் மக்கள் பெறும் அளவு சர்வதேச எல்லையில் நூற்றுக்கு 0.002 முதல் 2 வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குறிப்பும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆனால் கணக்கை இத்துடன் நிறுத்துவது நேர்மையாகாது. ஒரே கோபுரத்தில் பல நிறுவனங்களின் அன்ரனாக்கள் ஏறும். 2ஜி, 4ஜி, நாளை 5ஜி என்று ஒவ்வொன்றும் வேறு அலைவரிசையில் வீசும். அவ்வாறு பத்து அன்ரனாக்கள் ஒரே வகுப்பறையை நோக்கினால் 0.008 என்பது 0.08 ஆகும். சர்வதேச எல்லைக்கு அது இன்னும் வெகு கீழே; ரஷ்ய எல்லைக்கோ விளிம்பில் நிற்கிறது. அந்த எல்லை தேவைக்கு மிஞ்சிய இறுக்கம் என்பதே என் கருத்து. இருந்தாலும் அது நிர்ப்பீடனத்தை நினைவில் வைத்து வகுக்கப்பட்ட எல்லை. ஊர் கேட்கும் கேள்வியும் நிர்ப்பீடனத்தைப் பற்றியது. எனவே நான் கடதாசியில் போட்ட கணக்கை வைத்தோ, நிறுவனத்தார் தரும் உறுதிமொழியை வைத்தோ இந்த விடயத்தை முடித்துவிட வேண்டாம். அளந்து காட்டுங்கள்.

என் கோரிக்கை இதுதான். அனுமதி கொடுப்பதானால், கோபுரம் இயங்கத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளும் அதன்பின் புதிய அன்ரனா ஏறும் ஒவ்வொரு முறையும் அளவீடு செய்யப்பட வேண்டும் என்பதை எழுத்திலான நிபந்தனையாக்குங்கள். அளப்பதற்குரிய கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் சபையிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கோருங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் துறை இருக்கிறது, அவர்களையும் துணைக்கு அழையுங்கள். அலை பலவீனமாக இருக்கும் காலை பத்து மணிக்கு வந்து கோபுரத்தின் அடியில் கருவியைப் பிடித்துவிட்டுப் போவது அளவீடு ஆகாது. அன்ரனா ஏறத்தாழ கிடையாகத்தான், சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து வீசும். அதனால் அடிவாரத்தில் செறிவு பெரும்பாலும் குறைவு, நூறு இருநூறு மீற்றர் தள்ளித்தான் கூடும். ஊர் முழுவதும் போனும் கையுமாக இருக்கும் இரவு எட்டு மணிக்கு, பாடசாலையின் மேல்மாடியிலும், தாய்சேய் நிலையத்திலும், கோபுரத்தை நேரே பார்க்கும் வீடுகளிலும் அளக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை இரண்டு எல்லைகளுக்கும் பக்கத்தில் வைத்து, விளங்கும் தமிழில் எழுதி, சபையின் அறிவித்தற் பலகையிலும் பொது நூலகத்திலும் ஒட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் இதை விண்ணப்பித்தும் கேட்கலாம். கேட்காமலே சபை தானாக வெளியிடும்போது அந்தக் கடதாசிக்கு இருக்கும் மதிப்பு, கேட்டுப் பெறும் பிரதிக்கு இராது.

நிர்ப்பீடனத்தோடு தொடர்பில்லாவிட்டாலும், பாடசாலைக்குப் பின்னால் வரும் கோபுரம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட எவரும் இந்தக் கரையில் உயர்ந்து நிற்கும் இரும்பைப் பார்த்துக் கதிர்ப்பை மட்டும் யோசிக்கமாட்டார்கள். அன்றிரவு தென்னைகள் அடியோடு சாய்ந்த தோட்டம்தான் இன்று விண்ணப்பத்தில் காட்டப்பட்டிருக்கும் காணி. கோபுரத்தின் உயரத்தையும் அதற்கும் வகுப்பறைச் சுவருக்கும் உள்ள தூரத்தையும், இடிதாங்கி புவியிணைப்பையும் பொறியியலாளரைக் கொண்டு பாருங்கள். அந்தக் காணி பொருத்தமில்லை என்பதற்கு வலுவான காரணம் அங்கே கிடைக்கலாம். அது கிடைத்தால் தயங்காமல் மறுங்கள்.

ஆனால் கதிர்ப்புப் பயத்தை மட்டும் காரணமாகக் காட்டி மறுப்பதாயின், அதன் விளைவையும் எண்ணிப் பாருங்கள். கோபுரம் தொலைவில் இருக்கும்போது, சிக்னல் மங்கிய வீட்டுக்குள், காதோடு ஒட்டியிருக்கும் போன் தன் வலுவைப் பல மடங்கு கூட்டித்தான் பேசும். நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள கோபுரத்தைவிடக் கன்னத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் போனிலிருந்துதான் எமது உடல் கூடுதலான அலையைப் பெறுகிறது. 2004 மார்கழி 26ஆந் திகதி காலையில், கடல் வருகிறது என்ற ஒரு சொல் போனில் சில நிமிடம் முந்தி வந்திருந்தால் யார் யார் இன்று எம்மோடு இருந்திருப்பார்கள் என்பதை இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தில் கேட்ட தாய்க்குச் சபை ஒரு பதில் கடன்பட்டிருக்கிறது. மாரியில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும் பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது குருதிப் பரிசோதனை. வெண்குருதிக் கலங்களையும் குருதிச் சிறுதட்டுக்களையும் சில நாளில் கீழே தள்ளும் டெங்கு எமது மாவட்டத்தில் ஆண்டுதோறும் வருகிறது. அதைப் பரப்பும் நுளம்பு வளர்வது கிணற்றடித் தொட்டியிலும் கழித்துப்போட்ட சிரட்டையிலும். போனிலிருந்து நிர்ப்பீடனத்துக்கு நிறுவப்பட்ட ஒரு தீங்கு உண்டென்றால் அது அலையினால் அல்ல, அது பறிக்கும் நித்திரையினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல்நலமுள்ள 153 பேரின் மூக்கில் தடிமன் வைரசைச் சொட்டாக விட்டுப் பார்த்தபோது, 7 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு, 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தலையணைக்கடியில் போனை வைத்துப் பின்னிரவு வரை விழித்திருக்கும் பிள்ளைகளை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் கூட்டி, இதைப் பெற்றோருக்கு நேரில் சொல்லும் ஒரு கூட்டத்தைச் சபை ஒழுங்கு செய்ய வேண்டும்.

பயப்படுகிறவர்களைச் சிறுமைப்படுத்திப் பேச வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறேன். அலையினால் தமக்கு நோவு வருகிறது என்று சொல்வோரை, அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களும் அறியாமல், சோதிப்பவரும் அறியாமல் சோதித்த 46 பரிசோதனைகளை 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றிய அவற்றில், அலையை அவர்களால் இனங்காண முடிந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அவர்களின் தலைவலியும் படபடப்பும் மெய்யானவை. அலை இருக்கிறது என்று நம்பியபோதே அவை வந்தன. நம்பிக்கையால் வரும் நோவை ஏளனத்தால் ஆற்ற முடியாது. 2020இல் கொரோனா காலத்தில், 5ஜி அலை நிர்ப்பீடனத்தைக் குறைத்து நோயைப் பரப்புகிறது என்ற வதந்தியை நம்பி பிரித்தானியாவில் பல கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். கல்வியறிவுக்குக் குறைவில்லாத நாடு அது.

அக்காவை நான் திரும்ப அழைத்து வந்தது வாதாடி வென்று அல்ல. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் அவரை ஏசவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா, ரவரைப் பற்றி நீங்க யோசிக்கிறதை யோசியுங்க, மாத்திரையை மட்டும் விட்டிராதீங்க” என்றார். இப்போது வீக்கம் வற்றியிருக்கிறது. இரண்டு விரல்கள் மட்டும் இனி நிமிராது என்று சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல்களில் அந்த அலுமினியத் தாள் இன்னும் இருக்கிறது. அதை உரிக்கும்படி நான் கேட்டதில்லை. அளவீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் முதலாவதாக அந்த வீட்டுக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய கோபுரத்தை நேரே பார்க்கும் முன் அறையில், தாளோடு ஒரு தரமும் தாளில்லாமல் ஒரு தரமும் கருவியை வைத்து, அதில் விழும் எண்ணை அவரே வாசிக்கும்படி பிடியுங்கள். அக்காவிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
எழுவான்கரை, மட்டக்களப்பு.